வேலியைப் பிடுங்கிய சிட்செல்

எங்கள் ஜட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மணல்மேட்டுப் புல்லை நடாத கை கிடையாது. ஆனால் அதை முட்டைக்கோஸ் மாதிரி வளர்க்கப் பார்த்தவள் சிட்செல் ஒருத்திதான்.

கணவன் கடலோடு போனபின் அவளுக்கு மிஞ்சியவை ஒரு கூரை வீடும் கொஞ்சம் உருளைக்கிழங்கு நிலமும். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நின்ற மணல்மேட்டை ஒரு புயல் பிளந்துவிட்டது. அதன்பின் காற்றடித்தால் மணல் அவள் வாசலில்தான் குவிந்தது.

கொழுந்தன் தோகர் வந்து சொன்னான்: "அண்ணி, வீட்ட விட்டுட்டு எங்க மாடிக்கு வந்துடுங்க."

"உன் பொண்டாட்டி குறட்டைய நீயே தாங்க மாட்டேங்கற. நான் எங்கடா தூங்கறது?"

மணலைப் பிடித்து நிறுத்தப் பிளவு முழுக்க அந்தப் புல்லை நட்டாள். விரலைக் குத்தும் அதன் இலைகள் வறண்ட காற்றில் ஊசியாகச் சுருண்டு, ஈரத்தில் விரிந்தன. எங்கள் ஊரில் முட்டைக்கோஸ் பாத்தியைக் காப்பதுபோல, மணல் படாமலிருக்கச் சுற்றிலும் பைன் கிளைகளால் வேலி போட்டாள். வேலிக்குள் புல் வருஷத்துக்கு வருஷம் நரைத்தது. வெளியே மணல் மூடிய புல் தூறுகளோ கரும்பச்சையாக நின்றன. ஒன்றைத் தோண்டினாள். புதைந்த கணுவிலிருந்து புது வேர். அதற்கு மேல் ஒரு புது முளை.

அன்றே வேலியைப் பிடுங்கினாள்.

"புத்தி கெட்டுப்போச்சா அண்ணி? இருந்த வேலியையும் அடுப்புல வெச்சுட்டீங்களே!"

"நல்லா எரியுது. வா, வந்து குளிர் காயி."

குளிர்காலப் புயலில் பிளவு மணலால் நிரம்பியது. புல் இருந்த சுவடே இல்லை. வசந்தம் பிறந்தும் வெறும் மணல்தான். சிட்செல் பாத்திரங்களை மூட்டை கட்டினாள். தோகர் வண்டியோடு வந்தான். கடைசியாக ஒருதடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேட்டில் ஏறியவள் அங்கிருந்தே கத்தினாள்.

"தோகர்! டேய், ஏறி வாடா!"

மேடெங்கும் பச்சை ஊசிகள் மணலைத் துளைத்துக்கொண்டு நின்றன.

"அப்ப வண்டிய என்ன பண்றது?" என்றான் தோகர்.

"வாசல்ல கெடக்கற மணல வாரி இங்க கொட்டு. இதுக்கு இன்னும் பசி அடங்கல."

நான் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அந்த மேடு அவள் புகைபோக்கியைத் தாண்டி உயர்ந்திருந்தது. வெளிறிய தடித்த கதிர்கள் காற்றில் சாய்ந்தாடின. கீழே உருளைக்கிழங்கு பூத்திருந்தது. இலைகளில் ஒரு பொட்டு மணல் இல்லை. உச்சியில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள் சிட்செல்.

"உலகத்தையே சுத்தினியாமே, இந்த மாதிரி ஒண்ணு எங்கயாவது பாத்தியாடி?"

"இல்ல சித்தி," என்றேன். பொய்யில்லை.