உள்ளே வந்த சுயேச்சை

எங்கள் வட்டாரத்தில் தேர்தல் நடப்பது தேர்தல் நாளில் அல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. ஊரைவிட்டு வந்து நான் குடியேறிய மனோர் பார்க்கில், எங்கள் பகுதியில் ஒரே கட்சிதான் திரும்பத் திரும்ப வெல்லும். ஆகவே அந்தக் கட்சியின் வேட்பாளர் யாரென்று தீர்மானமாகும் மாலைதான் உண்மையான தேர்தல். அது ஒரு தேவாலய மண்டபத்தில் நடக்கும். கதவில் அன்றைய நிகழ்ச்சிகளை ஒட்டியிருப்பார்கள்: சிறுவர் நடனம், உடல் எடை குறைப்போர் சங்கம், அதற்குக் கீழே எங்கள் கூட்டம். உள்ளே தேநீர், ஒரு தட்டு பிஸ்கட், முப்பது நாற்பது கட்சி உறுப்பினர்கள். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு யார் கவுன்சிலர் என்பதை நாங்கள் பிஸ்கட் தின்றபடி முடிவு செய்துவிட்டு, கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

இந்த மாலைகளில் ஒன்றில்தான் வசந்தி தோற்றாள். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

வசந்தி எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. மருந்தாளர். கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரே குடியிருப்புக் கட்டடத்திலிருந்து பிள்ளைகள் வரிசையாக இன்ஹேலருக்கு வருவதைக் கவனித்து, ஒருநாள் வேலை முடிந்ததும் அங்கே போய்ப் பார்த்தவள். படுக்கையறைச் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம். அன்றிலிருந்து கவுன்சிலோடு சண்டை. சண்டை பலிக்காதபோது சுயேச்சையாகத் தேர்தலில் நின்றாள். இரண்டாவதாக வந்தாள். எங்கள் கட்சிக்கு அது பெரிய அதிர்ச்சி. அதற்குப் பிறகுதான் எங்கள் கிளைத் தலைவர் கிரஹாம், ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், அவளைத் தேடிப்போய்க் கட்சியில் சேர்ந்து வேட்பாளர் தெரிவில் போட்டியிடும்படி அழைத்தார்.

கிளை இரண்டாகப் பிளந்தது. நேற்றுவரை எங்களை எதிர்த்தவள் இன்றைக்கு எங்கள் கதிரையைக் கேட்கலாமா என்றார்கள் பாதிப்பேர். எனக்கும் அந்தக் கோபம் கொஞ்சம் இருந்தது. குளிரிலும் மழையிலும் இந்தக் கட்சிக்காகக் கதவு கதவாக ஏறி இறங்கியவள் நான். அவள் ஒரு துண்டுப்பிரசுரம்கூட மடித்ததில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் உள்ளே வராமல் ஒருவரும் வெல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

வசந்தி யோசனை கேட்க என் வீட்டுக்கு வந்தாள்.

"வெளியில நிண்டால் ரெண்டாவதாத்தான் வாறன் அக்கா. ரெண்டாவதா வாறவளால ஒரு சுவரையும் திருத்த ஏலாது. உள்ளுக்குப் போய்ப் பாக்கிறதில என்ன பிழை?"

"பிழையில்லை. ஆனா கட்சித் தெரிவில தோத்தால் திரும்பச் சுயேச்சையா நிக்க ஏலாது. நிக்கமாட்டன் எண்டு முதலே கையெழுத்து வைக்கவேணும். அதை யோசிச்சனீரோ?"

யோசித்ததாகச் சொன்னாள். கையெழுத்தும் வைத்தாள்.

அவள் போன பிறகு எனக்குச் சித்தப்பாவின் நினைவு வந்தது. ஊரில் அவரும் ஒருமுறை உள்ளூராட்சித் தேர்தலில் சுயேச்சைக் குழுவில் நின்றார். தபால் கந்தோரில் வேலை. நல்ல தண்ணீர் கிடைக்கவேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு அரசியல் இருக்கவில்லை. ஒரு பின்னேரம் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். இந்தமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் சித்தப்பா தன்னுடைய சுவரொட்டிகளைத் தானே ஈரத் துணியால் ஊறவைத்து உரித்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அங்கே தனியாக நிற்பவனை வீட்டுக்கு வந்து தடுத்தார்கள். இங்கே வீட்டுக்கு வந்து உள்ளே அழைக்கிறார்கள். முன்னேற்றம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தெரிவுக் கூட்டத்தில் வசந்தி நன்றாகப் பேசினாள். அவளோடு போட்டியிட்ட இளைஞன் கட்சியிலேயே வளர்ந்தவன், கெட்டிக்காரன், அவனிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைசியில் கிரஹாம் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். நீங்கள் தெரிவாகாவிட்டால், தெரிவாகும் மற்றவருக்காக வேலை செய்வதில் 'கம்ஃபர்ட்டபிள்'தானே? இளைஞன் நிச்சயமாக என்றான். வசந்தி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆங்கிலத்தில், "இல்லை, கம்ஃபர்ட்டபிள் இல்லை. ஆனால் செய்வேன்" என்றாள்.

எங்கள் தமிழ் ஆட்கள் யாரிடம் கேட்டாலும் இதைவிட நேர்மையான பதில் இல்லை என்பார்கள். நோகும், ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பேன் என்கிறாள். ஆனால் இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு வசதி என்று பொருள் இல்லை, சம்மதம் என்று பொருள். 'இல்லை' என்றதுமே மண்டபத்தில் ஒரு சலசலப்பு. அடுத்த பாதியை யாரும் காதில் வாங்கவில்லை. நான் அவளுக்குத்தான் வாக்களித்தேன். நாலு வாக்கால் தோற்றாள்.

கோப்பைகளைக் கழுவும்போது கிரஹாம் என்னிடம் வருத்தப்பட்டார். அருமையான பெண், ஆனால் தோற்றால் உதவமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாளே என்றார். செய்வேன் என்றுதான் சொன்னாள் என்றேன். அப்படியா, அது எனக்குக் கேட்கவில்லையே என்று அன்பாகச் சொல்லி, ஈரக் கோப்பையை என்னிடம் துடைக்கத் தந்தார். அந்தக் கோப்பையை என்ன செய்வதென்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.

அந்தக் கிழமையே பூஞ்சணக் கட்டடத்துத் தாய்மார் வசந்தி வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். பழையபடி சுயேச்சையாக நில்லுங்கோ என்றார்கள். சொல் குடுத்திட்டன், ஏலாது என்றாள் வசந்தி. அவர்களில் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒருத்தி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "எங்களைக் கேக்காமல் நீங்கள் என்னெண்டு கையெழுத்து வைச்சனீங்கள்?"

வசந்தி எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனாள்.

சுயேச்சைகள் கட்சியின் தெரிவில் போட்டியிடலாமா என்று இப்போது யாரும் கேட்டால் எனக்குச் சினம் வருகிறது. போட்டியிடட்டும். ஆனால் அந்தத் தெரிவில் வாக்குப்போட அந்தத் தாய்மாரையும் உள்ளே விடுங்கள். விடமுடியாதென்றால் தனியாக நிற்பவளை வெளியிலேயே விடுங்கள், அங்கேயாவது சனம் அவளைத் தெரிவு செய்யலாம் அல்லது தோற்கடிக்கலாம். ஒரு ஊரே தேடிக்கொண்ட ஆளை நாற்பது பேர் இருக்கும் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தோற்கடிப்பது என்ன நியாயம்? சித்தப்பாவைத் தடுத்தவர்களை நான் வெறுக்கலாம். கிரஹாமை வெறுக்கவும் வழியில்லை.

வசந்தி சொன்னபடியே செய்தாள். தன்னை வென்றவனுக்காக என்னோடு வீடு வீடாக வந்தாள். கதவைத் திறந்தவர்கள் அவள் கையிலிருந்த அவனுடைய படத்தைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். "நீங்கள் ஏன் நிக்கேல்லை?" என்று கேட்டவர்களுக்கு அவள், இவரும் நல்லவர் என்று மட்டும் சொன்னாள். இளைஞன் வென்றான். சுவர்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

வாக்களிப்பு நாளன்று பள்ளிக்கூடத்தில் நூலில் கட்டியிருந்த பென்சிலால் கட்சிக்குப் புள்ளடி போட்டேன். ஊரில் நான் ஒரேயொரு முறைதான் வாக்களித்திருக்கிறேன். அன்று இடது சின்னி விரலில் பூசிய மை கிழமைக்கணக்காகப் போகவில்லை, தலை பின்னும்போதெல்லாம் கண்ணில் படும். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது கையுறையைக் கழற்றி அந்த விரலைப் பார்த்தேன். இங்கே யாரும் மை பூசுவதில்லை, அதில் ஒன்றுமே இல்லை. தானும் வாக்களித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற வசந்தியும் தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.