வெண்கலப் பானைத் தொப்பி

நான் செய்த காரியத்துக்காக இன்னொருவருக்கு வேலை போயிற்று. போனபோது நான் கொல்லைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்குப் பெரிய நிம்மதியாகவே இருந்தது. தொண்ணூறை நெருங்கும் வயதில் இதை ஒப்புக்கொள்வதில் வீரம் ஒன்றும் இல்லை.

யுத்த காலம். மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. எனக்குப் பத்து வயது. ஒருநாள் லஸ் முனையில் ராணுவ லாரி ஒன்று வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த சிப்பாய் பழுப்புத் தோல் தொப்பி போட்டிருந்தான். என்னைப் பார்த்து அதைக் கழற்றி ஒரு சலாம் வைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குச் சாதம் இறங்கவில்லை. அப்படி ஒரு தொப்பியை நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ராயப்பேட்டையில் பந்தயக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் பாய் ஒருவர் இருந்தார். அவர் கடை வாசலில் போய் நின்று, தொப்பிக்குத் தோல் வேண்டும் என்றேன். அவர் என் குடுமியைப் பார்த்தார்.

"தொப்பியா? இந்தக் குடுமிய எங்க வைக்கப்போற தம்பி, உள்ளயா வெளியயா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஓரம் கிழிந்த துண்டு ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். கூடவே குத்தூசி, மெழுகு பூசிய நூல், ஒரு சின்னப் புட்டியில் மீன் எண்ணெய். தோலை ஊறவைக்க வேண்டும், தலை அளவுக்கு உருண்டையாக இருக்கும் எதன் மேலாவது இழுத்துக் கட்ட வேண்டும், நிழலில் காயவிட வேண்டும், முழுக்கக் காய்ந்த பிறகு எண்ணெய் தேய்க்க வேண்டும் என்றார். "அவசரப்பட்டா தோலு கோச்சுக்கும்."

என் தலையை நூலால் அளந்துகொண்டு வீடு முழுக்க உருண்டை தேடினேன். செம்பு சிறிசு, குடம் பெரிசு. பரண் மேல் ஒரு வெண்கலப் பானை இருந்தது. தாத்தாவின் திவசத்தன்று மட்டும் இறங்கிவந்து, சாதம் வடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிவிடும் பானை. அம்மா கல்யாணமாகி வந்த அன்று மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததில் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. நூலைச் சுற்றிப் பார்த்தேன். கச்சிதமாக என் தலை.

தோலும் திவசப் பானையும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் பாலுக்கு அழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. என் கவலையோ வேறாக இருந்தது: காய்ந்த தோல் பானையோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? அம்மா தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது ஞாபகம் வந்தது. தோலுக்கென்று பாய் கொடுத்த மீன் எண்ணெயைப் பானைக்குத் தடவினேன். அடியில், வயிற்றில், விளிம்பின் மடிப்பில், எங்கும் விடாமல்.

ஈரத் தோலை அதன் மேல் கவிழ்த்துக் கயிறு கட்டி, மொட்டை மாடியில் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மூன்றாம் நாள் தோசை போலவே கழன்று வந்தது. மிச்சத் தோலில் ஒரு வட்டம் வெட்டி, தொப்பியின் விளிம்பைச் சுற்றித் தைத்தேன். வட்டத்தின் ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டதால் சுருக்கிச் சுருக்கித் தைக்க வேண்டியிருந்தது. விரல்களில் எட்டு இடத்தில் குத்திக்கொண்டேன். முடிந்தபோது அது தொப்பிபோலவும் இருந்தது, அப்பளம்போலவும் இருந்தது. பானையைத் தண்ணீர்விட்டு ஒரு கழுவு கழுவிப் பரணில் ஏற்றினேன்.

திவசத்துக்கு முதல் நாள் பானை இறங்கியது. கொல்லையில் பாக்கியம் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். அவர் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர். நான் உட்பட எல்லோரும் அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டோம். பானையைக் கையில் வாங்கிய அம்மாவின் மூக்கு சுருங்கியது.

"ஏண்டி பாக்கியம், மீன் கையோட தொட்டியா?"

"இன்னாமா சொல்றே? குளிச்சு மஞ்சா பூசிக்கினு தானே வர்றேன்."

"நீயே மோந்து பாரு!"

பாக்கியம் குனிந்து விளிம்பை மோந்தார். முகம் மாறிவிட்டது. இல்லை என்று சாதித்திருக்கலாம். சாதிக்கவில்லை.

"வாசம் கீதுமா. ஆனா நான் இல்லே."

"பின்னே யாரு? இந்த ஆத்துல வேற யாரு மீனைத் தொடறா? நாளைக்குத் திவசத்தை வெச்சுண்டு... நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஓசைப்படாமல் மாடிக்கு நழுவினேன். பழி வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அன்று நன்றாகத் தூங்கினேன். அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய பானையில் திவசம் நடந்தது.

நாலு நாள் கழித்துத் தண்ணீர்த்துறை மார்க்கெட் பக்கம் பாக்கியத்தைப் பார்த்தேன். சாலை ஓரத்தில் நாலு கட்டுக் கீரையோடு குந்தியிருந்தார். ஒளியப் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டார்.

"இன்னா சின்ன அய்யரே, பாத்திரம் யாரு தேய்க்கிறாங்கோ? அம்மாவா? சாம்பலு ஒத்துக்காதே அதுக்கு, கை வெடிச்சுப்பூடுமே." பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மத்த ரெண்டு வூட்லயும் வராதேன்னுட்டாங்கோ. வூட்ல அரிசி இல்லே. அது போவுது. அந்த வாசம் எங்கேந்து வந்துச்சுன்னுதான் எனக்கு வெளங்கல. தூங்கவே முடியல."

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவும் அப்பாவும் கூடத்தில் இருந்தார்கள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "அவ மேல பரிதாபப்பட்டுண்டு கதை விடறான்" என்றாள். மாடியிலிருந்து தொப்பியைக் கொண்டுவந்தேன். கொல்லையில் ஒதுக்கிப் போட்டிருந்த பானையையும் எடுத்துவந்து, அதன் மேல் தொப்பியைக் கவிழ்த்து மெதுவாகத் திருப்பினேன். பானையின் நெளிசலும் தொப்பியின் நெளிசலும் ஓரிடத்தில் வந்து பொருந்தின.

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அபிஷ்டு, தலைக்குத் தைக்கச் சொன்னா பானைக்குத் தைச்சிருக்கான்!" அம்மா சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அந்த நெளிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போய் அவளை வரச்சொல்லு" என்றாள்.

அடி விழவில்லை. குப்பத்துக்கு ஓடிய ஓட்டத்தில் கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை. பாக்கியம் வீட்டு வாசலில் அவர் கணவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, என்னிடம் இருந்த ஒரே பொக்கிஷமான தொப்பியைப் பாக்கியத்திடம் நீட்டினேன். அவர் அதை மோந்து பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"மீன் எண்ண! யோவ், அந்த வாசம் நம்ப மேலே இல்லேய்யா, மீன் எண்ண!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவர் கணவர் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தார். "அய்யமாரு பானையும் நம்ப தலையும் ஒரே சைஸு" என்றார். அதற்குப் பிறகு அது அவருடையதாயிற்று. கட்டுமரத்தில் அதைப் போட்டுக்கொண்டு போவார் என்று கேள்வி.

மறுநாள் காலை பாக்கியம் வேலைக்கு வந்தார். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அவரைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. அம்மாவும் போய்ச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சரியாகிவிட்டது, அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அந்த வருஷம் முழுக்க நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை.

அன்று முதல் பாக்கியத்திடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பாத்திரங்களைத் தேய்த்துக் கல்லின் மேல் கவிழ்த்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்றுகொண்டு குரல் கொடுப்பார்:

"மோந்து பாத்து எடுத்துக்கோமா."

நாள் தவறாமல், வருஷக்கணக்கில். எனக்கு அது பெரிய வேடிக்கை. ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா ஒருநாளும் மோந்து பார்க்கவில்லை. தலை நிமிராமல் வந்து, பாத்திரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பாவம், அம்மாவுக்கு வேடிக்கையே புரிவதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.