திரை அணைந்த பிறகும் வாசித்த பிள்ளை

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருப்பவர்களுக்கு நான் கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பது தெரியும். கண்ணைப் பற்றித்தான் என்பதும் தெரியும். அதற்கு மேல் விளக்க லிஃப்டில் நேரம் போதாது. "அப்ப கண்ணாடிக் கடை போடப்போறீங்களோ?" என்று கேட்பார்கள். முதல் வருடம் கோபம் வந்தது. இப்போது, "ஓம், உங்களுக்குத்தான் முதல் கண்ணாடி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

தமிழ்ப் பிள்ளைகளின் பார்வையைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே அளக்க ஓர் அட்டவணை செய்வதுதான் என் ஆய்வு. கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தேன். கணினித் திரையில் மேலே பெரிய எழுத்துகள், கீழே வரவரச் சிறியவை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் வாசிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சோதனை என்றால்தான் நியாயம் என்று எழுத்துகளின் வரிசையை நான் மாற்றவே இல்லை. என் பிடிவாதத்துக்கு ஆய்வுமுறை என்று பெயர் வைத்திருந்தேன்.

முதல் நாள் சில பிள்ளைகள் தடுமாறினார்கள். அடுத்த வாரம் வந்தவர்கள் எல்லோரும் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குக் கழுகுக் கண் என்று நினைத்து நான் பூரித்துப்போனேன்.

அப்போதுதான் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் வாசிக்கத் தொடங்கினாள். பாதியில் என் கால் வயரில் தட்டுப்பட்டு பிளக் கழன்றது. திரை கறுத்துப்போனது. பிள்ளை நிறுத்தவில்லை. "ப, ட, ய, ம, வ" என்று கடைசி வரியையும் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாசலில் நின்ற அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் பெருமை. "பேரன்ட்ஸ் வாட்ஸப் குரூப்பில இந்த எழுத்துகளைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தவை, மிஸ். ரெண்டு நாளா இருத்திப் பாடமாக்க வைச்சனான். ஒரு பிழையும் விடேல்லத்தானே?"

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்கு, பிள்ளையை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டால் அது பரீட்சை. பரீட்சை என்றால் அம்மாமார் சும்மா இருப்பார்களா? என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். எனக்கே இது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

பிளக்கைச் செருகி, எழுத்துகளைக் கலைத்துப்போட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். வலது கண் கடைசி வரிவரை போனது. இடது கண் முதல் வரியையே தாண்டவில்லை. சோம்பல் கண் என்போம். மூளை அந்தக் கண்ணைப் பாவிக்கப் பழகியிருக்காது. சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணிநேரம் மூடிவைத்தால் தேறும். வயது போகப்போகக் கஷ்டம். பிளக் கழன்றிருக்காவிட்டால் 'பார்வை சரி' என்று எழுதி அவளை அனுப்பியிருப்பேன்.

"ஐயோ, நானே என்ர பிள்ளைக்குக் கேடு செய்யப் பாத்தனே" என்று அம்மா அழுதார்.

"நீங்கள் மட்டுமில்லை அக்கா, நானும்தான்" என்றேன். கண் வைத்தியரிடம் காட்டக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பாடசாலையில் எடுத்த அளவுகள் அத்தனையையும் தூக்கிப்போட்டேன். பட்டம் பின்னுக்குப் போனது. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று என் மேற்பார்வையாளர் ஆறுதல் சொன்னார். நான் ஆனையில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு வரிசை. வேலை இரட்டிப்பு, ஆனால் நிம்மதியாக நித்திரை வருகிறது.

போன மாதம் அந்தச் சிறுமி மறுபடி வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். வலது கண்ணை ஒட்டுப்போட்டு மூடியிருந்தார்கள். "தெரியாட்டித் தெரியேல்ல எண்டு சொல்லுங்கோ. அம்மா ஏசமாட்டன்" என்று தாய் பின்னால் நின்று சொன்னார்.

அவள் ஒவ்வோர் எழுத்தாக, உற்றுப் பார்த்து வாசித்தாள். ஒரு வரி. இரண்டு. மூன்று. நாலாவது வரியின் முடிவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழ எனக்குத் தெரியேல்ல, மிஸ்."

எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. நாலு வரி என்று எழுதிக்கொண்டேன்.