ஹாவேரியோடு நின்ற பயணம்

என் கணவர் புனேயில், ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் என்ஜின் பூட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு பழைய டீசல் வேனை வாங்கிவந்து, கட்கியில் எங்கள் வீட்டுக்கு எதிரே நிறுத்தினார். பின் இருக்கைகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பலகைக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குத் திரை என்று எட்டு மாதம் அதோடேயே கிடந்தார். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, ஒரு மாதத்தில் கன்னியாகுமரி வரை போய்த் திரும்புவதாகத் திட்டம்.

அந்த எட்டு மாதத்தில் நான் சிலவற்றைக் கவனித்தேன். ஒரே ஜன்னலுக்கு இரண்டு தடவை அளவெடுத்து என்னிடம் இரண்டு திரை தைக்கச் சொன்னார். சின்ச்வடுக்கு ஸ்க்ரூ வாங்க ஸ்கூட்டரில் போனவர் சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்கூட்டரை எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

மகர்பட்டாவில் இருக்கும் எங்கள் மகள் போனில் சொன்னாள். "அம்மா, அப்பா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு. ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்."

"வயசானா எல்லாருக்கும் மறக்கும்" என்று அவள் வாயை அடைத்தேன். ஸ்கூட்டர் விஷயத்தை மூச்சுவிடவில்லை. சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவாள். ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடிய மனிதரோடு நான் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் குறைவு. எனக்கு அந்த ஒரு மாதம் வேண்டியிருந்தது.

கிளம்பிய அன்றே, கம்பாட்கி மலைப்பாதையில் ஏறும்போது ஃபேன் பெல்ட் அறுந்தது. அவர் பதறவே இல்லை. இருக்கைக்கு அடியிலிருந்து புது பெல்ட்டை எடுத்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார். "பாத்தியா? வண்டி ரிப்பேருக்கு மிஸ்திரிய தேடி ஓடணுமா நமக்கு?" என்று கரியான கையைத் துடைத்தபடி சிரித்தார். மகளுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் கோலாப்பூரைத் தாண்டி, நிப்பாணிக்கு முன்னால் வண்டி இருமி இருமி நின்றது. அவர் ஸ்பேனரோடு இறங்கி என்ஜின் முன்னால் நின்றார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். கால் மணி நேரம் ஆகியும் கை எதையும் தொடவில்லை.

"இன்னாங்க ஆச்சு?"

"பாக்கறேன் இரு" என்றார். குரலில் எரிச்சல்.

கரும்பு ஏற்றிப்போன லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து பார்த்து, டீசல் லைனில் காற்று பிடித்திருக்கிறது என்று மராட்டியில் சொன்னார். ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பம்பை நாலு அழுத்து அழுத்தி, காற்றை வெளியேற்றினார். வண்டி கிளம்பியது. என் கணவர் வழிப்போக்கரைப் போலப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

கொஞ்ச தூரம் போனதும், "நல்ல ஆளு. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டானோ?" என்றார்.

தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரமே அவர் சொல்லிக்கொடுத்த வேலை அது. அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். "மெதுவா போங்க" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள், ஹுப்ளி தாண்டி ஹாவேரிக்குப் போகிற வழியில், நல்ல உச்சி வெயிலில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி நிறுத்தினார். நான் தண்ணீர் கேனை எடுக்கப் பின்பக்கம் போனேன். கொதிக்கிற ரேடியேட்டரைத் தொடக் கூடாது, அரை மணி நேரம் ஆற வேண்டும் என்று எங்கள் மகள் கார் வாங்கிய அன்று பத்து தடவை சொன்ன மனிதர், வெறுங்கையால் அதன் மூடியைத் திருகினார்.

அலறல் கேட்டு ஓடினேன். வலது கை, கழுத்து, மார்பு எல்லாம் வெந்துபோயிருந்தது. கேன் தண்ணீரை அப்படியே அவர்மேல் கொட்டினேன். சட்டையைக் கழற்றும்போது தோலும் கூட வந்தது. பின்னால் காரில் வந்த ஒரு குடும்பம் எங்களை ஏற்றிக்கொண்டு ஹாவேரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

வழியில், பல்லைக் கடித்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார்: "எவன் மூடியத் தொறந்தது? அறிவு வேணாம்?"

"நான்தாங்க" என்றேன்.

"சூடா இருக்கும்னு தெரியாதா உனக்கு? எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்!"

ஆஸ்பத்திரி வாசல் வரை திட்டிக்கொண்டே வந்தார். தப்புதான், தப்புதான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை மகள் வந்து சேர்ந்தாள். ஸ்கூட்டர், திரைகள், நிப்பாணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்துபோய் வார்டு கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு மெல்லிய குரலில், "தெரிஞ்சே அவர ஓட்ட விட்டியாம்மா? எதிர்ல ஒரு ஸ்கூல் பஸ் வந்திருந்தா?" என்றாள். அதை அவள் மறுபடி கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் "அப்பா நல்லா இருக்காரு" என்று போனில் சொன்னால் அவள் நம்புவதில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

புனேயில் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. மறதிக்கு இன்னொரு டாக்டர் ஒரு பெயர் சொன்னார். மருந்து நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார். வேனை இன்னொரு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஒரு மாதத்துக்கு டப்பாக்களில் அடைத்து வைத்திருந்த அரிசியும் பருப்பும் உள்ளேயே புழுத்துக் கிடந்தன.

மழைக்காலத்தில் வேனை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார், கூடவே ஒரு மிஸ்திரி. என் கணவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கிளப்பியதும் தலையை நிமிர்த்தி என்ஜின் சத்தத்தைக் கேட்டார். பிறகு இந்தியில், மூன்றாவது இன்ஜெக்டர் சரியில்லை, கழற்றிப் பார் என்றார். மிஸ்திரி சிரித்துக்கொண்டே கழற்றினார். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, "சாஹிப் சொன்னது சரி" என்றார்.

விலை பேசி முடிந்ததும் உள்ளே போய் நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள், வாங்கியவரோடு வேன் தெருவைத் தாண்டிப் போயிருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வலது கை விரல்கள் இன்னும் மடங்காததால், டம்ளரை அவர் வாயருகே நான்தான் பிடித்துக்கொண்டேன்.