குடல் இல்லாத சால்மன்

ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மீன்கடைக்குள் நிற்கிறேன். நாளைக் காலை இந்தப் பிரெஞ்சு நகரத்தில் ஒரு கருத்தரங்கில் நான் பேச வேண்டும். பண்ணையில் வளர்க்கும் சால்மனுக்குத் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு கூடினால் அதன் குடல் எப்படிப் புண்ணாகிறது என்பதுதான் பேச்சு. கடைசிப் படமாகக் காட்ட ஒரு நிஜக் குடல் இருந்தால் கைதட்டல் நிச்சயம். ஐஸில் தலையோடு கிடக்கும் சால்மன்களைக் கண்டதும் கை பரபரக்கிறது.

"அக்கா, இதுல ஒண்ணு குடுங்க. குடலை மட்டும் கிழியாம எடுங்க, போட்டோ எடுக்கணும்" என்கிறேன் கடைக்கார அம்மாவிடம். சோயா, வீக்கம், குடல் மடிப்பு என்று வகுப்பே எடுத்துவிடுகிறேன். எனக்குப் பின்னால் வரிசை வளர்கிறது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மீனைப் புரட்டுகிறார். வயிற்றில் நீளமாக ஒரு வெட்டு. உள்ளே ஒன்றுமே இல்லை.

"அண்ணை, இந்தச் சோமோனைப் பண்ணையிலையே குடலெடுத்துப் போட்டுத்தான் இஞ்சை அனுப்புறவை. உங்களுக்குத் தெரியாதே?"

பத்து வருடமாக மீன் குடல்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆய்வகத் தொட்டியைத் தாண்டி ஒரு மீன்கடையை எட்டிப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து என் வயிறு சத்தமாகக் கத்துகிறது. கடை முழுக்கக் கேட்கிறது.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஊர்லேருந்து மீல்மேக்கர் கொண்டாந்தேன். மூணு நாளா மூணு வேளையும் அதான்."

"அது என்னத்திலை செய்யிறது?"

"சோயாவுல."

அவர் சால்மனைத் திரும்ப ஐஸில் வைக்கிறார்.

"அப்ப நாளைக்கு உங்கடை வயித்தையே படம் பிடிச்சுக் காட்டுங்கோ."