தம்பி தந்த டி செல்கள்

பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. துப்பினேன், மறுபடி வந்தது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்ப்பது என் வேலை. தூசியும் வெயிலும்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரமே தொடையில் அடிபடாமலேயே நீலத் திட்டுகள் தோன்றின. படி ஏறினால் மூச்சு வாங்கியது.

மஜ்ஜைப் பரிசோதனைக்குப் (இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி, ரத்தம் உற்பத்தியாகும் இடத்திலிருந்து மாதிரி எடுப்பது) பிறகு டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார்: அக்யூட் மைலாய்டு லுகேமியா (வேகமாகப் பெருகும் ஒரு ரத்தப் புற்றுநோய்).

அக்கம்பக்கத்தில் அம்மா அதை மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்தாள். நான் வாசலில் நின்று, "கேன்சருமா. இதுல வெக்கப்பட இன்னா கீது?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், அதன் பெயரைக் கிசுகிசுக்காதீர்கள். நாம் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த அது வளர்கிறது.

கீமோதெரபியில் நோய் அடங்கியது. ஆனால் என்னுடையது திரும்பி வரக்கூடிய ரகம். குருத்தணு மாற்று (இன்னொருவரின் ரத்தத் தாய் அணுக்களை ஏற்றுவது) செய்தாக வேண்டும் என்றார்கள். முழுப் பொருத்தம் உள்ளவர் யாரும் கிடைக்கவில்லை. ட்ரெய்லர் ஓட்டும் என் தம்பி தினேஷ் பாதி பொருந்தினான்.

"பாதி போதுமா டாக்டர்?" என்றேன்.

"அங்கதான் சிக்கல். தம்பியோட வழக்கமான டி செல்கள் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை) உங்க உடம்பையே அந்நியம்னு நினைச்சுத் தோலையும் குடலையும் தாக்கலாம். அதனால ஏத்துறதுக்கு முன்னாடியே அதையெல்லாம் பிரிச்சு எடுத்துடுவோம். காமா டெல்டானு வேற மாதிரி டி செல்கள் கொஞ்சம் இருக்கு. அதை மட்டும் விட்டுவைப்போம்."

"வேற மாதிரின்னா?"

"அதுக்குப் பொருத்தம் பார்க்கிற பழக்கம் இல்ல. ஒரு செல் கெட்டுப்போன அடையாளம் தெரிஞ்சா தாக்கும். ஒளிஞ்சிருக்கிற கேன்சர் செல்லையும் தாக்கும்னு எதிர்பார்க்கிறோம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன். இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு."

சத்தியம் செய்து கொடுக்காத அந்தப் பதில்தான் எனக்குத் தெம்பு தந்தது. பொய் சொல்லாதவரிடம் உடம்பை ஒப்படைக்கலாம்.

அம்மாதான் மறித்தாள். தினேஷுக்கு நெட்டுக்குப்பத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. மருத்துவமனை நடைபாதையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்காகாரி படுத்துகினு கீறா. உனுக்கும் எதுனா ஆயிட்டா நான் இன்னாடா பண்ணுவேன்? பொண்ணு வூட்ல தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்."

"நேத்தே போன்ல சொல்லிட்டேம்மா" என்றான் தினேஷ்.

மறுநாள் காலை, அந்தப் பெண் கௌரி, யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். அம்மா எழுந்து நின்றாள்.

"அத்த, நாளிக்கு எனுக்கு ஒன்னுன்னா இவரு நிப்பாரா, ஓடிடுவாரான்னு யோசிச்சிகினு இருந்தேன். அது இப்ப தெரிஞ்சிபோச்சி. குடுக்கட்டும் வுடுங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணி, கல்யாணத்த தள்ளி வச்சிக்கலாம்" என்றாள்.

"தள்ளினா இந்த நோவு ஜெயிச்சிடும்டி. குறிச்ச தேதியில பண்ணுங்க" என்றேன்.

தினேஷின் ரத்தத்திலிருந்து இயந்திரம் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தது. அதற்குள் இன்னொரு கடும் கீமோ என் பழைய மஜ்ஜையை அழித்திருந்தது. என் பங்குக்கு வந்தது ஒரு சிறிய பை. வெளிறிய சிவப்பில், தக்காளி ரசம்போல இருந்தது. ஒரு சினிமாப் பாட்டு முடியும் முன்பே பாதி இறங்கிவிட்டது.

அதன் பிறகு வந்தவை எளிதானவை அல்ல. வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கவும் முடியவில்லை. உடம்புக்குள் உறங்கிக்கிடந்த ஒரு வைரஸ் விழித்துக் காய்ச்சலாக எரித்தது. அவர்கள் கல்யாணத்தைத் தனிமை அறையில், போனில் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில் குமட்டியது. வாளியை ஒரு கையிலும் போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்து முடித்தேன்.

பக்கத்து அறைப் பெண்ணுக்கும் இதே சிகிச்சை. கண்ணாடி வழியே எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அவர் வீடு திரும்பவில்லை. "நீ தைரியசாலி, அதான் பொழைச்சே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவரிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. என் உடம்பில் மருந்தும் அணுக்களும் பலித்தன, அவர் உடம்பில் பலிக்கவில்லை. இறந்தவர்கள்மீது தோல்வி என்ற பழியைப் போடாதீர்கள்.

எனக்கு நோய் இதுவரை திரும்பவில்லை. எதனால் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "காமா டெல்டாவும் ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தான்னு சொல்ல மாட்டேன்" என்றார். என் ரத்த வகையே மாறிவிட்டது, இப்போது தினேஷின் வகைதான் எனக்கும். சின்ன வயதில் நான் போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் எதுவும் இந்தப் புது ரத்தத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்.

போன வாரம் தடுப்பூசி அறைக்கு முன்னால், அழும் கைக்குழந்தைகளின் வரிசையில், முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு தாய், "உங்க கொழந்த எங்கக்கா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன்.