ஸ்பீக்கருக்கு ஒரு வரி

அவர் பொய்ப்பல் கட்டுகிறவர். பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்க்கு ஏற்றபடி மெழுகில் ஈறு செய்து, பல்லை வரிசையாக நட்டு, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புகிறவர். தெருவில் பல்லுக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். அனுப்பிய செட் "கடிச்சா இடிக்குது" என்று திரும்பி வருவதும், இவர் மறுபடி ராவுவதும் அன்றாடம் நடப்பது என்பதால் மனிதருக்குச் சீக்கிரம் கோபம் வராது.

அப்படிப்பட்டவரையே ஒரு பழைய லேப்டாப் படாத பாடு படுத்திவிட்டது.

மாமியார் சீரியல் பார்க்கட்டும் என்று யாரோ விற்றதை வாங்கி வந்தார். பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால்தான் அது கண்ணைத் திறக்கும். சரி என்று அதிலிருந்ததைத் துடைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இலவசமாகக் கிடைக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் போட்டார். லேப்டாப் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. ஸ்பீக்கர் மட்டும் கப்சிப். இயர்போன் மாட்டினால் சத்தம் வரும், கழற்றினால் வராது.

மாமியார் இயர்போன் மாட்டிக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. காதை அடைத்துக்கொண்டவருக்குத் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கேட்கும்வரை உயர்த்தினார்.

"மாப்ளே! உங்க மூலத்துக்கு டாக்டர் குடுத்த களிம்பு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு!"

மறுநாள் காலை மாடிப்படியில் வாட்ச்மேன் மிகுந்த கரிசனத்தோடு கேட்டார்: "இப்ப உக்கார முடியுதா சார்?"

அன்றே பல்லுக்காரர் இன்டர்நெட்டில் உதவி கேட்டு எழுதிவிட்டார். ஒரு புண்ணியவான் விளக்கினார். அந்த சிஸ்டத்தின் அடிமடியில் இருப்பதற்குக் கெர்னல் என்று பெயர். ஒவ்வொரு கருவியையும் ஓட்டுவதற்கு அதில் டிரைவர் என்று ஒரு பகுதி உண்டு. ஒயரிங் கோணலாக இருக்கிற மாடல்களுக்கெல்லாம் ஒலி டிரைவரில் ஆளுக்கொரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாடலுக்கு வரி இல்லை. "நீங்களே எழுதி அனுப்புங்களேன்."

இளமையில் மாலை வகுப்பில் கொஞ்சம் புரோகிராம் எழுதக் கற்று, கல்யாணத்தோடு மறந்தவர் அவர். இருந்தாலும் சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பதுபோல மற்ற மாடல்களின் வரிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றில், சீரியல் வில்லி திடீரென்று கூடமே அதிரச் சிரித்தாள்.

"ஐயோ, யாரது வீட்டுக்குள்ள!" என்று மாமியார் எழுந்தே விட்டார்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. சிஸ்டம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் இவர் சேர்த்த வரி அழிந்து, ஸ்பீக்கர் மறுபடி ஊமையானது. வரி நிலைக்க வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவான கெர்னலிலேயே அது ஏற வேண்டும்.

"என்ன மாப்ளே, எப்பப் பாத்தாலும் தட்டிக்கிட்டே இருக்கீங்க?"

"டிரைவர்ல ஒரு வேலை இருக்கு அத்தை. கெர்னலுக்கு எழுதிப் போடணும்."

இயர்போனோடு கேட்டவருக்கு எது விழுந்ததோ, சாயங்காலம் மைத்துனன் போன் பண்ணினான். "மாமா, பல்லு வேலை சரியாப் போகலையா? பட்டாளத்துல டிரைவர் வேலைக்குக் கர்னலுக்கே மனு போட்டிருக்கீங்களாமே. இந்த வயசுல எதுக்கு மாமா?"

மைத்துனனுக்குப் புரியவைத்து முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

வரியை மெயிலில் அனுப்பினார். எழுத்தைக் கொஞ்சம் அழகாகப் பெரிதாக்கி அனுப்பினார். அலங்காரம் செய்த மெயிலை அங்கே மெஷினே திருப்பி அனுப்பிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. திரும்பி வந்ததை மொட்டையாக மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை ஆளிடமே போய்ச் சேர்ந்தது. அந்த ஒலிப் பகுதிக்கென்று ஒரு பராமரிப்பாளர் உண்டு. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, உலகமெங்குமிருந்து வரும் திருத்தங்களை ஏற்பதும் தள்ளுவதும் அவர் பொறுப்பு. சொற்களில் படு கருமி. "டேப் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பேஸ்" என்று பதில் வந்தது. இடைவெளி விட எந்தப் பொத்தானைத் தட்டுகிறோம் என்பதுகூட அங்கே கணக்கு. பல்லுக்காரர் மாற்றி அனுப்பினார். "மாடல் எண் வரிசைப்படி வரவேண்டும். கடைசியில் அல்ல." நடுவில் செருகி அனுப்பினார். "விளக்கம் போதாது."

இங்கேதான் அவர் தடுக்கி விழுந்தார். அவருடைய மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன செஞ்சீங்கன்னு எழுதியிருக்கீங்க. எதுக்குச் செஞ்சீங்கன்னு காணோமே?"

அது ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. எதுக்கா? மாமியார், சீரியல், இயர்போன், வாட்ச்மேன் என்று ஒன்று விடாமல் பக்கம் பக்கமாக எழுதினார். மனைவியிடம் காட்டாமலேயே அனுப்பினார். பதில் இப்படி வந்தது: "காரணம் புரிந்தது. மாமியாரை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பவும்."

மனைவிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லித் தொலைச்சிராதீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே உட்கார்ந்து விளக்கத்தை இரண்டு வாக்கியமாக வெட்டிக் கொடுத்தார்.

"சேர்த்தாயிற்று. நன்றி" என்று வந்தது.

அன்று பல்லுக்காரர் தரையில் நடக்கவில்லை. பட்டறையில் மேல்தாடைப் பல்லைக் கீழ்த்தாடையில் நட்டு, அதை டாக்டருக்கும் அனுப்பி, டாக்டர் போனில் கத்தியதைக்கூடப் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். உலகத்தில் எத்தனை மெஷின் உண்டோ அத்தனையிலும் அவர் வரி!

கெர்னலின் புதுப்பதிப்பு வெளியானது. கூடவே ஒரு மெயிலும் வந்தது. எழுதியவர் வேறொரு நாட்டில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அதே மாடல் லேப்டாப். "இத்தனை வருஷம் என் ஸ்பீக்கர் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தது. உங்கள் வரி வந்தது, அது ஊமையாகிவிட்டது. மாவு பிசையும்போது பாட்டு இல்லாமல் எனக்குக் கை ஓடாது."

பராமரிப்பாளர் யோசிக்கவே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஒரு திருத்தம் கெடுத்தால், அந்தத் திருத்தம் வெளியே போகவேண்டும் என்பது அங்கே சட்டம். "நீக்கிவிட்டேன்" என்றார்.

பல்லுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "ஒரே ஒரு வரி. அதையும் பிடுங்கிட்டாங்க."

"யார் மாப்ளே அந்த ரொட்டிக்காரன்?" மாமியார் கொதித்தார். "அவனுக்கு வாய் இருக்குல்ல, அவனே பாடிக்கிட்டுப் பிசையட்டுமே! போன் நம்பர் குடுங்க, நான் பேசுறேன்."

"வேண்டாம் அத்தை. தப்பு அவர் மேல இல்ல."

அவருக்கு அது தெரிந்தே இருந்தது. ஒரே அச்சில் வார்த்த செட் இரண்டு வாய்க்குப் பொருந்தாது. ஒரே மாடல் என்று பெயர் இருந்தாலும் கம்பெனிக்காரன் உள்ளே ஒயரை மாற்றியிருப்பான். ரொட்டிக்கடைக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதி, அவருடைய லேப்டாப்பின் உள் விவரங்களையும் கேட்டார். ரொட்டிக்கடைக்காரரும் தங்கமான மனிதர். கடையில் கூட்டம் ஓய்ந்ததும், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, சொன்னதையெல்லாம் செய்து அனுப்பினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் விஷயம் வெளிச்சமானது. மாடல் எண் ஒன்றுதான், ஆனால் ஒலிச் சில்லுக்கென்று இருந்த இன்னொரு எண் வேறு. அதைப் பார்த்து ஆளைப் பிரித்துவிட்டால் இரண்டு வீட்டிலும் சத்தம் வரும்.

அப்படி மாற்றி எழுதிய வரியை அங்கே ரொட்டிக்கடைக்காரரும் இங்கே மாமியாரும் சோதித்தார்கள். மாமியார் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, நீதிபதி போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேக்குதா அத்தை?"

"கேக்குது."

"லேப்டாப்பைத் தூங்க வச்சு எழுப்புறேன். இப்ப?"

"கேக்குது, கேக்குது. பேசாம இருங்க, மருமகளை வீட்டை விட்டுத் துரத்துற நேரம்."

கெர்னலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. திருத்தத்தைச் சோதித்தவர்கள் பெயரையும் மெயில் முகவரியையும் அதன் அடியிலேயே போடுவார்கள். ரொட்டிக்கடைக்காரர் பெயரை இவர் போடுவதை மாமியார் பார்த்துவிட்டார்.

"பாட்டு நின்னு போச்சுன்னு புகார் குடுத்தவனுக்குப் பேரு. மணிக்கணக்கா உக்காந்து கேட்ட எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

மனைவியும் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மாமியாருக்கென்று ஒரு மெயில் முகவரி உண்டாக்கி, அவர் பெயரையும் சேர்த்து அனுப்பினார். டேப், வரிசை, விளக்கம் எல்லாம் சுத்தம். முதல் தடவையிலேயே ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பல்லுக்காரர் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பகுதியில் யார் கை வைத்தாலும், முன்பு சோதித்தவர்களுக்கும் ஒரு பிரதி போய்விடுகிறது. ஒருநாள், முன்பின் தெரியாத ஒரு பெரிய இன்ஜினீயர் மாமியாருக்கு மரியாதையாக எழுதியிருந்தார்: "இந்தப் பகுதியைத் திருத்தி எழுதியிருக்கிறேன். தங்கள் கருவியில் சோதித்துச் சொல்ல முடியுமா?"

மகள் படித்துக் காட்டியதும் மாமியார் புடவையைச் சரிசெய்துகொண்டார். "மாப்ளே, பல்லை அப்படியே வச்சுட்டு வாங்க. வேலை வந்திருக்கு."

பல்லுக்காரர் திருத்தத்தை ஏற்றிக் கொடுத்தார். மாமியார் ஒரு அத்தியாயம் முழுக்கக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சத்தம் நல்லாக் கேக்குது. ஆனா கதையை ரொம்ப இழுக்குறான். ரெண்டையும் எழுதுங்க."

பல்லுக்காரர் முதலாவதை மட்டும் எழுதி அனுப்பினார்.

"ரெண்டாவதை எழுதினீங்களா?"

"எழுதிட்டேன் அத்தை" என்றார், தலை நிமிராமல்.